ஞாயிற்றுக்கிழமைச் சூடு

தெக்லா தன் ஆயுளில் அள்ளிக் கொட்டிய சாம்பலை ஒரே இடத்தில் குவித்திருந்தால் ஊர்த் தேவாலயத்தின் மணிக்கூண்டை எட்டியிருக்கும். மூத்த பெண்ணாகப் பிறந்தவளுக்கு அதுதான் சீதனம். தம்பி தங்கைகள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, இவள் எழுந்து அடுப்பைக் கிளற வேண்டும், சாம்பலை வாரி முற்றத்து உறைபனியில் கொட்ட வேண்டும், சூரியகாந்தித் தட்டையைக் கட்டுக் கட்டாகச் சுமந்துவர வேண்டும். கல்யாணம் ஆனால் விடிவுகாலம் வரும் என்று நினைத்தாள். கட்டிக்கொண்ட ஹரலாம்பியின் வீட்டு நடுவிலும் ஓர் அடுப்பு நின்றது. செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்பு. ஆறு மாதக் குளிரிலும் வீடு முழுவதையும் சூடாக்கும், அதற்குக் கூலியாக ஒரு பெண்ணின் இடுப்பைத் தின்னும்.

பகலெல்லாம் கூட்டுப்பண்ணையில் புகையிலை கோத்துவிட்டு வருவாள். ஹரலாம்பி டிராக்டர் ஓட்டிவிட்டு வருவான். வந்ததும் அவன் காலை நீட்டுவான், இவள் மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கையைக் கூடையில் அள்ளுவாள். அவன் கெட்டவன் இல்லை. ஆண்பிள்ளை அடுப்புக்குத் தீனி போட்டுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆகையால் எரிவாயுக் குழாய் தெருவுக்கு வந்த வருஷம், ஊரிலேயே அதிகம் கூத்தாடியவள் தெக்லாதான். மகள் ஔரிகா அப்போதே இத்தாலி போயிருந்தாள். அவள் அனுப்பிய பணத்தில் குழாய் வந்தது, அடுக்களைச் சுவரில் வெள்ளைப் பெட்டியாக பாய்லர் வந்தது, அறைக்கு அறை ஜன்னலடியில் வெந்நீர் ஓடும் இரும்புச் சட்டம் வந்தது. ஹரலாம்பி கடப்பாரையால் பழைய அடுப்பை இடித்தபோது தெக்லா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போய்த் தொல, பாவி. நாப்பது வருஷம் என் ரத்தத்தக் குடிச்சல்ல?" என்று செங்கல்லைப் பார்த்துத் திட்டினாள். இடித்தவனுக்கு ஒரு குவளை ஒயினும் ஊற்றிக் கொடுத்தாள். அன்று மாலை பாய்லரின் குமிழைத் திருப்பிவிட்டு, நாற்காலியைச் சட்டத்தின் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். குளிர்காலத்தில் சும்மா உட்கார்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அந்தச் சுகம் சில வருஷம் நீடித்தது. பிறகு ஒரு காலையில் ஹரலாம்பி சவரம் செய்துகொண்டே சாய்ந்து விழுந்தார். இடப்பக்கம் போய்விட்டது. வாய் கொஞ்சம் கோணியது, நாக்கு மட்டும் பழைய கூர்மையோடு இருந்தது. "ஏ கிழவி, பாதி ஆளுதான் செத்திருக்கேன். மீதிக்குக் களி கிண்டு," என்பார்.

ஔரிகா பாதுவா நகரத்தில் ஒரு பணக்காரக் கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். அவரைத் தூக்கி உட்கார வைப்பது, கழுவிவிடுவது, ஊட்டுவது எல்லாம் இவள்தான். சொந்த அப்பனைத் தூக்கக் கையில்லை, ஊரான் அப்பனைத் தூக்கி முதுகெலும்பு தேய்ந்ததுதான் மிச்சம். இந்த மால்டோவாவில் பெண் பெற்ற பாதி வீட்டுக் கதை இதுதான். அவளுக்கு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்தம். அன்று நடுப்பகலில் போனில் முகம் பார்த்துப் பேசுவாள்.

அப்புறம் அந்த இலையுதிர்காலம் வந்தது. கிழக்கிலிருந்து வரும் குழாயில் வாயு குறைந்தது. ஒப்பந்தம் முடிந்ததாம், பழைய பாக்கியாம், பெரிய மனிதர்கள் தொலைக்காட்சியில் உட்கார்ந்து மாறி மாறிக் குற்றம் சொன்னார்கள். ஊருக்கு விளங்கியது ஒன்றுதான். சுவாலை சிறுத்தது, விலை மூன்று நான்கு மடங்கு பெருத்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. முதல் மாத ரசீதைப் பார்த்தபோது தெக்லாவுக்குக் கண் இருண்டது. இரண்டு பேருடைய பென்ஷனையும் சேர்த்துக் கொடுத்தாலும் ரசீது வாயை மூடாது. அரசாங்கம் ஒரு பங்கைத் தாங்கும் என்றார்கள். தாங்கியது. அப்போதும் மீதி மலையாக நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஔரிகா எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டாள். "அம்மா, கேஸ் விலை நியூஸ்ல பார்த்தேன். எப்படிச் சமாளிக்கிறீங்க? இங்க இன்னொரு வீட்டுல ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் ஆள் கேக்கறாங்க. ஒத்துக்கவா?"

தெக்லா மகளின் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒரு கை தன்னை அறியாமல் இடுப்பைப் பிடித்திருந்தது. அந்த இடுப்பைத் தெக்லாவுக்குத் தெரியும். தன்னுடைய இடுப்புதான் அது.

"ஒண்ணும் வேணாம்டி. பாதிக்கு மேல சர்க்கார் குடுக்குது. வீடு வெந்நீர்க் குளியலறை மாதிரி கொதிக்குது. பாரு, உங்கப்பன் போர்வையே வேணாங்கறான்."

ஹரலாம்பி ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். பிறகு நல்ல கையால் போர்வையை உதறித் தள்ளினார். "வேர்க்குதும்மா. உங்கம்மா என்னைய ரொட்டி மாதிரி வேக வைக்கறா."

அழைப்பு முடிந்ததும் தெக்லா போர்வையை எடுத்து அவர் மேல் போர்த்தினாள். பொய்யை ஒருத்தி சொன்னாள், ஒருத்தர் முட்டுக் கொடுத்தார். மகளுடைய ஞாயிற்றுக்கிழமை அவளுக்கே இருக்கட்டும் என்று இருவரும் தனித்தனியாக முடிவு செய்திருந்தார்கள்.

பொய் சொல்வது சுலபம், அதற்குத் தீனி போடுவதுதான் கஷ்டம். முற்றத்துக்கு அந்தப் பக்கம், எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல, கோடைக்கால அடுக்களை ஒன்று இருந்தது. வெயில் நாளில் ஊறுகாய் போடவும் பழச்சாறு காய்ச்சவும் கட்டிய ஒற்றை அறை. அதில் ஒரு சின்னச் செங்கல் அடுப்பு இடிபடாமல் தப்பியிருந்தது. பக்கத்து வீட்டுப் பராஸ்கா கை கொடுக்க, தெக்லா வீட்டிலிருந்த இன்னொரு கட்டிலை அங்கே போட்டுக் கிழவரைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். மறுபடியும் சோளச் சக்கை, மறுபடியும் சாம்பல். பெரிய வீட்டில் பாய்லரை ஒரேயடியாக அணைக்கவும் முடியாது. குழாயில் தண்ணீர் உறைந்தால் இரும்பு வெடித்துவிடும். ஆள் இல்லாத வீட்டுக் குழாய்க்கு ஜன்னி வராமல் இருக்கப் பணம் கட்டிவிட்டு, ஆட்கள் இரண்டு பேரும் கொட்டகையில் முடங்கினார்கள்.

பராஸ்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "தெக்லாக்கா, இங்கயே உக்காந்து பொண்ணுகிட்ட பேசினா என்ன? மகதானே, மாமியாரா?"

"இந்தக் கரிச் சுவரப் பாத்தா அவளுக்குத் தெரியாதா? மறுநாளே அந்த இன்னொரு வீட்டுக்கு வேலைக்குப் போயிருவா."

"அதுக்காக?"

"அதுக்காக ஞாயித்துக்கெழம பெரிய வீட்டுக்குப் போவோம்."

போனார்கள். ஞாயிறு காலையில் தெக்லா பாய்லரை முழுசாகத் திருப்புவாள். பிறகு ஔரிகா சின்ன வயதில் சறுக்கி விளையாடிய மரப் பனிவண்டியில் கிழவரைக் கம்பளியால் சுற்றி உட்கார்த்தி, கயிற்றைத் தோளில் போட்டு முற்றத்தின் குறுக்கே இழுப்பாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பராஸ்கா குரல் கொடுப்பாள்: "மாப்பிள ஊர்வலம் கெளம்பியாச்சா?"

"மாப்பிள ரெடி. குதிரதான் கெழடு," என்பார் ஹரலாம்பி.

"யோவ், வாய மூடிட்டு வா. குளிர் உள்ள போகுது," என்று தெக்லா மூச்சு வாங்குவாள்.

பெரிய வீட்டில் அவரைச் சுத்தமான சட்டையோடு கட்டிலில் சாய்த்து உட்கார வைப்பாள். தானும் கம்பளிகளைக் கழற்றிவிட்டு, பூப்போட்ட அரைக்கை ரவிக்கையோடு பக்கத்தில் உட்காருவாள். நடுப்பகலில் போன் அடிப்பதற்குள் சட்டம் சுட ஆரம்பித்திருக்கும். ஆனாலும் அவ்வளவு பெரிய வீடு சட்டென்று சூடாகுமா? ஒரு ஞாயிறு, பேசும்போது ஹரலாம்பியின் வாயிலிருந்து ஆவி புகையாக வந்தது. ஔரிகா கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, அது என்ன புகை?"

கிழவர் தடுமாறவில்லை. "அய்யய்யோ, மாட்டிக்கிட்டனே. ஒரே ஒரு சிகரெட்டுமா, டாக்டர்கிட்ட சொல்லிராத."

ஔரிகா அழாத குறையாகத் திட்டினாள். கிழவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அழைப்பு முடிந்ததும் தெக்லா சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இந்த இரண்டு கிழங்களும் வாராவாரம் செய்துகொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் ஹரலாம்பிக்கு அது பிடித்தும் இருந்தது. வாரம் முழுக்கப் புகை மண்டிய அறையில் கிடக்கும் மனிதனுக்கு அந்த ஒரு பகல்தான் சொந்த வீடு, சொந்த ஜன்னல், மகள் முகம். சனிக்கிழமையே சவரம் செய்துவிடச் சொல்வார்.

பிப்ரவரியில் குளிர் எலும்பைக் கடித்த ஒரு ஞாயிறு. வழக்கம்போல் பனிவண்டி, வழக்கம்போல் சுத்தச் சட்டை. நடுப்பகல் ஆயிற்று, போன் அடிக்கவில்லை. தெக்லா கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பாய்லர் முழு மூச்சாக எரிந்தது. ஒவ்வொரு நிமிஷத்தையும் அவள் ரசீதில் கூட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரமும் தாண்டியதும் எழுந்து குமிழைக் குறைத்தாள்.

"வாய்யா, போயிரலாம். வேலை இருந்திருக்கும். நாளைக்குப் பேசிக்கலாம்."

"அவ கூப்பிடுவா."

"கூப்பிட்டா அடுப்படியிலயே எடுக்கறேன். முகம் தெரியாம பேசிக்கலாம்."

"முகம் ஏன் தெரியலன்னு கேப்பா. அப்புறம் ராத்திரியெல்லாம் தூங்க மாட்டா. இருடி, கூப்பிடுவா."

அந்த இடத்தில் தெக்லா அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. குமிழைத் திரும்பக் கூட்டவும் இல்லை. அவள் மேல் கோபம் வருகிறது. ஆனால் அந்த ரசீதைக் கையில் பிடித்துப் பார்க்காதவர்களுக்கு அந்தக் கோபத்துக்கு உரிமை இல்லை. கிழவர் மேல் கம்பளியைப் போர்த்தினாள். வீடு மெல்ல ஆறியது. ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் பனி பூத்தது.

பொழுது சாயும் நேரத்துக்குப் போன் அடித்தது. தெக்லா ஓடிப்போய்க் குமிழைத் திருப்பினாள், கம்பளியை உருவிக் கட்டிலுக்குப் பின்னால் வீசினாள். திரையில் ஔரிகாவின் முகம் சிவந்து, காற்றில் முடி பறந்து, சின்னப் பெண்போல இருந்தது.

"அம்மா! அப்பா! மன்னிச்சுக்குங்க. நம்ம ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் சேர்ந்து கடல் பார்க்கப் போனோம். இத்தனை வருஷத்துல இப்பதான் போறேன். அங்க சிக்னலே இல்ல."

ஹரலாம்பியின் கோணல் வாய் முழுசாக விரிந்தது. "கடலா! எங்க, காட்டு காட்டு."

அவள் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். சாம்பல் நிறத் தண்ணீர், பறவைகள், கரையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஔரிகா. போதும் என்று தெக்லா கண் காட்டினாள். கிழவர் பார்க்காததுபோல இருந்தார்.

"இன்னொரு தடவ அந்தக் கப்பல் படத்தக் காட்டு. அது எங்க போகுது? நீ கால நனைச்சியா?"

"குளிர்காலத்துல எவன் நனைப்பான்? அப்பா, மறுபடியும் புகையா? சிகரெட்டா?"

"கடலப் பாத்த சந்தோஷத்துல ஒண்ணு பத்த வச்சேன். திட்டாத, இன்னைக்கு ஒரு நாள்."

"வீடு சூடா இருக்குல்ல?"

"சட்டையே பாரமா இருக்கும்மா," என்றார் ஹரலாம்பி. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார். விட்டால் பல் தந்தியடித்திருக்கும்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. பனிவண்டியில் அவர் பேசவில்லை. பராஸ்கா மாப்பிள்ளை ஊர்வலத்தைக் கேலி செய்ய வாயெடுத்தாள், ஆளைப் பார்த்ததும் வேலியைத் தாண்டி ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளினாள்.

அடுப்படியில் போட்டு எவ்வளவு தேய்த்தும் நடுக்கம் நிற்கவில்லை. மறுநாள் காய்ச்சல், அதற்கு மறுநாள் நெஞ்சுக்குள் கொதிக்கும் பானைச் சத்தம். ஊர் மருத்துவ உதவியாளர் வந்து ஊசி போட்டு, நகரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். பனிக்காற்றில் பாதை மூடியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அதற்கு வேலை இருக்கவில்லை. முந்தைய மாலை ஹரலாம்பி தெக்லாவிடம் கேட்ட கடைசிக் கேள்வி: "இன்னைக்கு என்ன கெழம?" வியாழன் என்றாள். "ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் இருக்கு," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

தெக்லா அழுதுகொண்டே வேலை பார்த்தாள். கோடை அடுக்களையிலிருந்த கட்டிலைப் பெரிய வீட்டில் பழைய இடத்தில் போட்டாள். பராஸ்காவும் இன்னும் இரண்டு பெண்களும் கோடை அடுக்களையைக் கழுவி, சாவுச் சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸ் இலைச் சுருள் வேக வைக்க அண்டாவை ஏற்றினார்கள். நேற்றுவரை அங்கே ஒரு மனிதன் கிடந்தான் என்பதற்கு அடையாளம் இல்லை. கிழவரைக் குளிப்பாட்டி, கோட்டு போட்டு, விருந்தாளிகளுக்கென்று பூட்டியே வைத்திருக்கும் நல்ல அறையில் கிடத்தினார்கள். கண்ணாடிக்குத் துணி போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் பராஸ்கா மூடினாள். "பொண்ணு வருது. எவளாவது கோடை அடுக்களைன்னு பேச்செடுத்தா நாக்க அறுத்துருவேன்," என்று மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

ஔரிகா வந்து அப்பன் காலடியில் விழுந்தாள். அழுது ஓய்ந்த பிறகு தோளைக் குறுக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். எல்லார் வாயிலிருந்தும் ஆவி பறந்தது.

"அம்மா, வீடு ஏன் இப்படிச் சில்லுனு கெடக்கு?"

பராஸ்கா முந்திக்கொண்டாள். "நல்லா கேட்டே போ. சவம் இருக்கற வீட்டுல சூடு வைப்பாங்களாடி? இத்தாலிக்குப் போயி வழக்கத்தையே மறந்துட்டியா?"

ஔரிகா வெட்கத்தோடு தலையாட்டினாள். மூன்று நாள் வீடு குளிராகவே இருந்தது. வந்தவர்கள் குளிரில் நின்று ஜெபித்தார்கள், குளிரில் நின்று குடித்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அந்த வீடு கூச்சமில்லாமல் குளிராக இருந்தது அப்போதுதான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன மத்தியானம், ஔரிகாவே போய்க் குமிழைத் திருப்பினாள், கடைசிவரைக்கும். கொஞ்ச நேரத்தில் இரும்புச் சட்டங்கள் டக் டக் என்று சத்தம் போட்டன. சாயங்காலத்துக்கு முன் வீடு உண்மையாகவே சூடாகிவிட்டது. அவள் அப்பனுடைய கட்டிலில் உட்கார்ந்து, சட்டத்தின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு."

"கேளு."

"நெஞ்சுச் சளின்னு சொன்னாங்க. அந்தக் கெழவரக் கழுவிவிடறப்பல்லாம் எங்கப்பா சூட்டுல படுத்திருக்காருன்னுதான் மனசத் தேத்திக்குவேன். கடைசியா அன்னைக்குக் கடலக் காட்டினேன், எத்தனை சந்தோஷமாப் பார்த்தாரு. அன்னைக்கும் வீடு இப்படித்தானே இருந்துச்சு? குளிராலே போகலயே?"

தெக்லா மகளைப் பார்த்தாள். அவளுக்கு மகள் மடியில் விழுந்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் போலிருந்தது. கொட்டினால் தன் பாரம் குறையும். குறைகிற பாரம் காற்றிலா போகும்? அந்த இடுப்பில்தான் ஏறும். அந்தக் கடலும் இனிமேல் இவளுக்குக் கடலாக இருக்காது.

"குளிரா? இந்த வீட்டுலயா?" என்றாள் தெக்லா. "இதவிடச் சூடு. ஜன்னலத் திற, ஜன்னலத் திறன்னு ஒரே சண்டை உங்கப்பனோட."

ஔரிகா நீளமாக மூச்சு விட்டாள். "அது போதும்மா," என்று அப்படியே தலையணையில் சாய்ந்தாள். எத்தனை நாள் தூக்கமோ, உடனே உறங்கிப்போனாள். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது.

தெக்லா அடுக்களைக்குப் போனாள். பழக்கத்தில் கை குமிழுக்குப் போயிற்று, பாதியில் நின்றது. உள்ளே சுவாலை நீலமாக, முழுசாக எரிந்துகொண்டிருந்தது. இந்தக் குளிர்காலத்தில் அவர் இருந்தவரைக்கும் வாரத்தில் ஒரு பகலுக்கு மேல் இப்படி எரியவிட்டதில்லையே, அன்றும் குறைத்தேனே என்று நினைத்தபோது அவளுக்கு ஓவென்று கத்தி அழ வந்தது. மகள் விழித்துவிடுவாளே என்று தலைத்துணியின் நுனியைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, குமிழைத் தொடாமல், அந்தச் சூட்டிலேயே நின்றாள்.